எஃப்.என்.யு. தேன்மொழிக்கு டெக்ஸாஸ் தந்த 212 டாலர்

கடிதம் என் கணவர் பெயருக்குத்தான் வந்தது. டெக்ஸாஸ் மாநில அரசிடம் உங்களுக்குச் சேர வேண்டிய பணம் இருக்கிறது, இணைத்துள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வாங்கித் தருகிறோம், எங்களுக்கு 10 விழுக்காடு என்று ஏதோ ஒரு தனியார் ஆள் எழுதியிருந்தார். கதிர் இரண்டு வரி படித்துவிட்டு ரீசைக்கிள் தொட்டியில் போட்டார். "சும்மா பணம் தர்றேன்னு எவனாவது சொன்னா, நம்ம பணத்துக்கு வலை விரிக்கிறான்னு அர்த்தம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாரத்துக்கு நாலு மோசடிக் குறுஞ்செய்தி வருகிற நாடு இது.

ஆனால் அந்தக் கடிதத்தில் நாங்கள் முன்பு டெக்ஸாஸின் இர்விங் நகரில் குடியிருந்த அபார்ட்மெண்ட் எண் சரியாக இருந்தது. அங்கிருந்து கலிபோர்னியாவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. அந்த எண் எனக்கே மறந்துபோயிருந்தது. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் தொட்டியிலிருந்து கடிதத்தை எடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. டெக்ஸாஸ் காம்ப்ட்ரோலர் அலுவலகம், அதாவது மாநிலத்தின் நிதிக் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகம், இதற்கென்றே ஒரு தளம் வைத்திருக்கிறது என்று தெரிந்தது. அங்கே போய்த் தேடினேன். கதிர் பெயரில் 64 டாலர் இருந்தது. தேட ஒரு காசு செலவில்லை, கோரிக்கை போடவும் செலவில்லை. பத்து நிமிட வேலைக்குத்தான் அந்த ஆள் பங்கு கேட்டிருக்கிறார்.

இப்படி எழுதுபவர்கள் எல்லோரும் திருடர்கள் இல்லை. இது சட்டப்படி நடக்கிற தொழில்தான். டெக்ஸாஸிலும் கலிபோர்னியாவிலும் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பே உண்டு. அரசாங்கத்தின் பொதுப் பட்டியலில் கிடக்கிற பெயரைப் பார்த்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான். முன்பணம் கட்டு என்றோ, கார்டு எண் கொடு என்றோ, இந்த லிங்கை அழுத்து என்றோ வந்தால்தான் அது மோசடி. எந்த மாநில அரசும் உங்கள் பணத்தை உங்களுக்குத் தர முன்பணம் கேட்காது.

இங்கே இதற்கு அன்க்ளெய்ம்டு ப்ராப்பர்ட்டி, அதாவது உரியவர் கேட்டு வாங்காத சொத்து என்று பெயர். ப்ராப்பர்ட்டி என்றதும் வீடு, நிலம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் சில்லறைக் கணக்குகள்தான். திரும்பாத மின்சார டெபாசிட், வேலையை விட்ட பிறகு வந்து மாற்றப்படாத கடைசிச் சம்பளக் காசோலை, மறந்துபோன வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பி அனுப்பிய மிச்சம், பங்குகளுக்கு வந்த ஈவுத்தொகை. பணத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு உங்களோடு குறிப்பிட்ட காலம் தொடர்பு இல்லாமல் போனால், அதைத் தானே வைத்துக்கொள்ள முடியாது. மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் காலம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் சம்பளத்துக்கு ஓராண்டு, வங்கிக் கணக்குக்கு 3 முதல் 5 ஆண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அரசு அதைச் சொந்தமாக்கிக்கொள்வதில்லை. எத்தனை வருடம் கழித்துப் போனாலும் உரியவரோ வாரிசோ கேட்டு வாங்கலாம். அமெரிக்காவில் சுமார் ஏழு பேரில் ஒருவருக்கு இப்படி ஏதோ ஒரு பணம் கிடக்கிறது என்று மாநில அதிகாரிகளின் சங்கமே சொல்கிறது. ஐந்து வருடத்துக்கு மூன்று ஊர் மாறுகிற நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அதிகமாக இருக்கும் என்பது என் ஊகம்.

எந்த மாநிலத்தில் தேடுவது என்று அப்போது எனக்கும் குழப்பமாக இருந்தது. இதற்கு 1965-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வழக்கின் பெயரே டெக்ஸாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் என்றுதான். நான் குடியிருந்த மாநிலமும் எங்கள் பெரியப்பா குடியிருந்த மாநிலமும் சண்டை போட்டிருக்கின்றன என்று படித்ததும் சிரிப்பு வந்தது. சன் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனம் பலருக்குத் தர வேண்டியிருந்து யாரும் வாங்காமல் கிடந்த சுமார் 26,000 டாலர் யாருக்கு என்பதுதான் தகராறு. உரியவரின் கடைசி முகவரி நிறுவனத்தின் ஏட்டில் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்கு, முகவரியே இல்லையென்றால் நிறுவனம் பதிவான மாநிலத்துக்கு என்று தீர்ப்பானது. ஆகவே நீங்கள் குடியிருந்த மாநிலங்கள் அத்தனையிலும் தேட வேண்டும். அப்புறம் டெலவேரிலும் ஒரு தடவை தேட வேண்டும். அங்கே கால் வைத்ததே இல்லையென்றாலும் பரவாயில்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் ஏராளமானவை அந்தச் சின்ன மாநிலத்தில்தான் பதிவாகியிருக்கின்றன.

பல மாநிலங்களைச் சேர்த்துத் தேட மிஸ்ஸிங்மணி டாட் காம் என்று ஒரு தளம் உண்டு. மாநில அதிகாரிகளின் சங்கமே ஏற்றுக்கொண்டது. நான் அங்கே ஒரு சுற்று தேடிவிட்டு, அந்தந்த மாநிலத் தளத்திலும் இன்னொரு சுற்று தேடினேன். மாநிலத் தளத்தின் முகவரி 'டாட் கவ்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் இது கன்ட்ரோலர் அலுவலகம், நியூ ஜெர்சியில் கருவூலத் துறை, நியூயார்க்கில் காம்ப்ட்ரோலர். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயர்.

இனி என் கதை. கதிருக்கு 64 டாலர் கிடைத்த அதே ராத்திரி என் பெயரையும் அடித்தேன். தேன்மொழி என்று யாருமே இல்லை. சரி, எனக்கு எதுவும் இல்லை என்று லேப்டாப்பை மூடிவிட்டேன். மூன்று நாள் கழித்து, மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. டெக்ஸாஸில் என் பெயர் தேன்மொழியே கிடையாதே!

நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் பலருக்குக் காலியாக இருக்கும். எனக்கும் அப்படித்தான். அமெரிக்க விசா அந்த வெற்றிடத்தைப் பொறுத்துக்கொள்ளாது. இருக்கிற ஒரே பெயரைக் கடைசிப் பெயராக்கிவிட்டு, முதல் பெயரின் இடத்தில் எஃப்.என்.யு. என்று போட்டுவிடும். 'ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்', அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அதே பெயர் சோஷியல் செக்யூரிட்டி அட்டைக்கும், டிரைவர்ஸ் லைசென்ஸுக்கும், மின்சார பில்லுக்கும் போனது. பல் மருத்துவமனையில் ஒருத்தி என்னை வாய் நிறைய "ஃப்னூ" என்று கூப்பிட்டிருக்கிறாள். குடியுரிமை வாங்கியபோதுதான் பெயரைச் சரிசெய்து, கதிர் பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

எஃப்.என்.யு. என்று முதல் கட்டத்திலும் தேன்மொழி என்று கடைசிக் கட்டத்திலும் போட்டுத் தேடினேன். அப்போதும் இல்லை. பிறகு கடைசிப் பெயரின் முதல் ஐந்து எழுத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். சில தளங்களில் அப்படிப் போட்டால் அதில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் வரும். வந்தது. நம் 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் போடுகிற இசட், ஹெச் இரண்டையும் யாரோ இடம் மாற்றி அடித்திருந்தார்கள். இர்விங் முகவரி, மின்சார வைப்புத்தொகை, 100 டாலருக்கு மேல். (சில மாநிலங்கள் சரியான தொகையைக் காட்டும். சில இப்படி மூடி மூடித்தான் சொல்லும்.) அமெரிக்கா வந்த புதிதில் எங்களுக்கு கிரெடிட் ஸ்கோர் இல்லாததால் மின்சாரக் கம்பெனி டெபாசிட் வாங்கியது. தொலைபேசியில் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னதும் நான்தான். வீடு மாறியபோது டெபாசிட்டைக் கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

அந்த வாரக் கடைசியில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் எல்லோர் பெயரையும் தேடினோம். அன்று கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம். நம் பெயரைச் சரியாக அடித்தால் பணம் கிடைக்காது. அவர்கள் எப்படித் தப்பாக அடித்திருப்பார்கள் என்று யோசித்து அடிக்க வேண்டும். முதல் பெயரையும் அப்பா பெயரையும் மாற்றிப் போடுங்கள். பாலசுப்ரமணியன் மாதிரி நீளமான பெயரென்றால் பாதியில் வெட்டியிருப்பார்கள், இல்லை பாலா தனி, சுப்ரமணியன் தனி என்று பிரித்திருப்பார்கள். முத்துக்குமார் என்பவர் வெறும் குமார் ஆகியிருப்பார். இனிஷியல் மட்டும் கடைசிப் பெயராக நிற்கும். எங்கள் தோழி ஒருத்திக்குக் கடைசிப் பெயர் 'எஸ்' என்று ஒற்றை எழுத்தில் இருந்தது, 38 டாலர். 'த'வுக்கு ஹெச் உண்டா இல்லையா, செந்திலா சென்தில்லா, ஈஸ்வரிக்கு இரண்டு 'ஈ'யா ஒரு 'ஐ'யா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெண்கள் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த பெயரையும், அப்பா பெயரைக் கடைசியாக வைத்திருந்தால் அதையும் தேட வேண்டும். பெயர் பொதுவானதாக இருந்தால் முகவரியை வைத்து அடையாளம் காணலாம். குமார் என்று நியூ ஜெர்சியில் தேடினால் வருகிற பட்டியல் மதுரை வாக்காளர் பட்டியல் மாதிரி நீளும்.

கோரிக்கை போடுவது சுலபம்தான். பெயர், பழைய முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண். தொகை சிறியதாக இருந்து எண்ணும் ஒத்துப்போனால் சில மாநிலங்கள் வேறு தாளே கேட்பதில்லை. கதிருக்கு அப்படித்தான் சில வாரத்தில் காசோலை வந்தது. என்னுடையது திரும்பி வந்தது. நான் அனுப்பிய லைசென்ஸில் இருப்பவரும் பட்டியலில் இருப்பவரும் வேறு வேறு ஆள் என்றார்கள். நியாயம்தானே? குடியுரிமைச் சான்றிதழோடு வந்த பெயர் மாற்ற ஆணை, எஃப்.என்.யு. என்று அச்சான பழைய விசாப் பக்கம், இர்விங் முகவரி உள்ள அந்த வருடத்து டபிள்யூ-2 (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பள, வரிப் படிவம்), மூன்றையும் ஒரு பக்கக் கடிதத்தோடு அனுப்பினேன். ஏழு வாரத்தில் 212 டாலர் வந்தது. வட்டி கிடையாது. பழைய பாஸ்போர்ட், பழைய லைசென்ஸ், வருடத்துக்கு ஒரு வரிப் படிவம் இந்த மூன்றையும் வீட்டை எத்தனை முறை காலி செய்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பழைய முகவரிக்கு வேறு சாட்சி கிடைக்கவில்லையென்றால் கிரெடிட் ரிப்போர்ட்டில் பழைய முகவரிகள் வரிசையாக இருக்கும். அது இலவசம்.

எங்கள் பெயர்கள் தீர்ந்ததும் சொந்தக்காரர் பெயர்களைத் தேட ஆரம்பித்தேன். இது ஒரு போதை மாதிரி ஆகிவிடும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பெரியப்பா 1995 முதல் ஜெர்சி சிட்டியில் இருந்து, 2001 கோடையில் வேலை போய் மதுரைக்குத் திரும்பியவர். இறந்து பத்து வருடம் ஆகிறது. நியூ ஜெர்சித் தளத்தில் சோமசுந்தரம் என்று அடித்ததும் அவருடைய பழைய முகவரியோடு ஒரு வரி வந்தது. பங்குகள் என்று போட்டிருந்தது.

பெரியப்பா அங்கே பங்கு வாங்கியதே இல்லை என்று பெரியம்மா அடித்துச் சொன்னார். விசாரித்ததில்தான் விஷயம் விளங்கியது. அவரிடம் ஒரு ஆயுள் காப்பீடு இருந்திருக்கிறது. அப்போது பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் சில, பாலிசிதாரர்களுக்கே சொந்தம் என்ற அமைப்பிலிருந்து பங்குச்சந்தை நிறுவனமாக மாறின. 2000-இல் ஜான் ஹான்காக், மெட்லைஃப், 2001 டிசம்பரில் ப்ரூடென்ஷியல். மாறும்போது பாலிசிதாரர்களுக்குப் பங்காகவோ பணமாகவோ கொடுத்தார்கள். பெரியப்பாவுக்கு அப்படி ஒதுக்கிய பங்கு பற்றிய கடிதம் அவர் ஊருக்குப் போன பிறகு ஜெர்சி சிட்டிக்குப் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இருந்து காப்பீடு எடுத்த மாமா, சித்தப்பா யாராவது உங்களுக்கு இருந்தால் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

இதில் மனம் கசந்த இடம் ஒன்று உண்டு. பங்குகளை மாநில அரசு பொதுவாகப் பங்காகவே வைத்திருப்பதில்லை, கொஞ்ச காலத்தில் விற்றுவிடும். பிறகு எவ்வளவு ஏறினாலும் விற்ற விலைதான் நமக்கு. கலிபோர்னியாவில் இதைப் பற்றி வழக்கே நடந்தது. இங்கிலாந்தில் இருந்த முன்னாள் இன்டெல் ஊழியர் ஒருவரின் பங்குகளை அவருக்குத் தெரியாமலே அரசு விற்றிருந்தது. 2007-இல் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான், எடுப்பதற்கு முன்பே உரியவருக்குக் கடிதம் எழுதும்படி சட்டத்தை மாற்றினார்கள். கம்பெனிப் பங்குகளைக் கணக்கில் போட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது உள்ளே நுழைந்து பாருங்கள். முகவரியை மாற்றுங்கள். தபால் திரும்பி வருவதுதான் பல இடங்களில் முதல் அபாய மணி.

பெரியப்பா கணக்கில் இருந்தது 1,846 டாலர். அதை வாங்கப் பத்து மாதம் ஆயிற்று. உயில் இல்லை. நியூ ஜெர்சியில் உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து 50,000 டாலருக்குள் இருந்தால், மனைவி முழு நிர்வாக ஆணை வாங்காமல் சரகேட் அலுவலகத்தில் (இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைப் பார்க்கும் உள்ளூர் அலுவலகம்) ஓர் உறுதிமொழிப் பத்திரத்தோடு முடித்துக்கொள்ளலாம். அதுவே பெரிய நிம்மதி. ஆனால் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். பெரியம்மா கல்யாணம் 1978-இல். "பத்திரிகை இருக்கு, போட்டோ இருக்கு, வந்தவங்கள்ல பாதிப் பேரு இன்னும் உசிரோட இருக்காங்க. சான்றிதழுக்கு எங்கடி போவேன்?" என்றார். கடைசியில் கணவர் பெயர் உள்ள அவருடைய பாஸ்போர்ட் பக்கத்தையும், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழையும் மொழிபெயர்ப்போடு அனுப்பினோம். மாநகராட்சி கொடுத்த இறப்புச் சான்றிதழில் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்கினோம். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான அந்த அப்போஸ்டில் உடன்பாட்டில் 2005 முதல் இந்தியாவும் இருப்பதால் அமெரிக்காவில் அது செல்லும்.

சான்றிதழில் ஆர். சோமசுந்தரம், பட்டியலில் சோமசுந்தரம் ராமசாமி. இரண்டும் ஒருவரே என்று மதுரையில் ஒரு வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம். அமெரிக்கப் படிவத்தில் பெரியம்மா நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகச் சென்னைக்கு ரயில் ஏறி, ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போனார். முன்பதிவு வேண்டும், ஒரு முத்திரைக்கு 50 டாலர். எல்லாவற்றையும் விட முக்கியமாக உதவியது பெரியப்பாவின் சோஷியல் செக்யூரிட்டி எண். கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை ஒன்றில் அவருடைய 1999 வரிப் படிவத்தைப் பெரியம்மா பத்திரமாக வைத்திருந்தார். அது என்ன தாள் என்று அவருக்குத் தெரியாது. பெரியப்பாவின் கையெழுத்து இருந்ததால் வைத்திருந்தாராம்.

மாநிலத் தளத்தில் கிடைக்காததும் உண்டு. மத்திய வரித் துறையிடம் வாங்காமல் விட்ட ரீஃபண்ட் அங்கே வராது. அதற்குத் தனியாக வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், பொதுவாக மூன்று வருடக் கெடு உண்டு. பழைய கம்பெனியில் விட்டுவந்த ஓய்வூதியக் கணக்குகளைத் தேட, மத்திய தொழிலாளர் துறை 2024 டிசம்பரில் தனித் தளம் தொடங்கியது. இந்திய வங்கிகளில் 10 வருடமாகத் தொடாத கணக்குக்கு ரிசர்வ் வங்கியின் உத்கம் தளம் இருக்கிறது. அதில் என் அப்பா பெயரைத் தேடுவதுதான் அடுத்த வேலை. இல்லினாய், விஸ்கான்சின் மாதிரி சில மாநிலங்கள் வரிப் பதிவோடு ஒப்பிட்டு, கேட்காமலே காசோலை அனுப்புகின்றன. அங்கே இருப்பவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

பெரியம்மாவின் காசோலை மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் வங்கி வெளிநாட்டுக் காசோலை வாங்குவதில்லை என்றது. இரண்டாவது வங்கி வாங்கிக்கொண்டு, மறுநாளே பெரியம்மாவை அழைத்தது. அன்று இரவு எனக்குப் போன்.

"ஏண்டி தேனு, செக்குல எஃப்.என்.யு. விசாலாட்சின்னு போட்டிருக்காம். யாருடி அவ? உங்க பெரியப்பா அங்க எனக்குத் தெரியாம ஏதும்..."

படிவத்தில் முதல் பெயர் கட்டாயம் என்று சிவப்பில் காட்டியதும், பெரியம்மாவுக்காக அதைப் பழக்க தோஷத்தில் நிரப்பியது நான்தான். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்தார்.

"மேனேஜர் ரெண்டு பேரும் ஒருத்திதான்னு பத்திரம் எழுதிட்டு வரச் சொல்றாரு. அந்த வக்கீலு நம்பரை மறுபடி அனுப்பு."